ஏடிவி-யில் ஒரே சமயத்தில் நான்கு குறைகள்: பெல்ட்டா, ஆக்சிலா, முன் டிஃபரன்ஷியலா?

கேள்வி: ஹாலிபர்ட்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாலிபர்ட்டன் பகுதியில் எங்களுக்குச் சிறிய காட்டு நிலம் ஒன்று இருக்கிறது. அங்கே விறகு இழுப்பதற்கும், குளிர்காலத்தில் பனி வழிக்கும் தகட்டை முன்னால் மாட்டி வீட்டுக்கு வரும் 300 மீட்டர் பாதையைச் சுத்தம் செய்வதற்கும் 500 சிசி ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டி) ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய வண்டியாக வாங்கினேன். ஓடோமீட்டரில் இப்போது 4,200 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. பெல்ட்டில் இயங்கி, வேகத்துக்கேற்பத் தானாக விகிதத்தை மாற்றும் சிவிடி, அதற்குப் பின்னால் ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ், பார்க் என்ற நிலைகள் கொண்ட கியர்பாக்ஸ், அங்கிருந்து முன்னும் பின்னும் செல்லும் ஷாஃப்டுகள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி அரை ஆக்சில் என்பது வண்டியின் அமைப்பு. நான்கு சக்கர இயக்கத்துக்கான பொத்தானை அழுத்தினால், இரண்டு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் முன் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் மின்காந்தச் சுருள் வேலை செய்து முன்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்ற அக்டோபரில் முழங்காலளவு நீர் ஓடிய ஓடை ஒன்றைக் கடந்தேன். கரையேறும் இடத்தில் இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியானது. ஆனால் அன்றிலிருந்து விறகுத் தொட்டியை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போதெல்லாம் ரப்பர் கருகும் வாசனை வருகிறது. நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது, சக்கரம் அரைச் சுற்று சுற்றுவதற்குள் மூன்று நான்கு முறை வெடுக்கென்று உதறிவிட்டுத்தான் வண்டி ஓட்டத்துக்கு வருகிறது. இது முதல் குறை.

இரண்டாவதாக, முன்னோக்கிச் செல்லும் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றி ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் பின்பக்கத்தில் எங்கோ ‘டங்’ என்று ஓர் அடி விழுகிறது. மறுபடி முன்னோக்கி மாற்றினால் மறுபடி ஓர் அடி. மூன்றாவதாக, நான்கு சக்கர இயக்கம் சில நாள் பிடிக்கிறது, சில நாள் பிடிப்பதே இல்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு மட்டும் தவறாமல் எரிகிறது. நான்காவதாக, அது பிடிக்கும் நாளில் வலப்பக்கம் திருப்பினால் இடது முன்சக்கரத்திலிருந்து ‘டிக், டிக்’ என்ற சத்தம் கேட்கிறது. திருப்பத்தைக் கூட்டினால் சத்தமும் கூடுகிறது.

அருகிலுள்ள பட்டறை ஒன்றில் காட்டினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சிவிடி-யின் இரண்டு கிளட்சுகளையும் முன் டிஃபரன்ஷியலையும் முழுதாக மாற்ற வேண்டும் என்றும், 2,900 டாலர் ஆகும் என்றும் சொன்னார்கள். ஒரு மூடியைக்கூடக் கழற்றாமல் இந்த முடிவுக்கு வந்தது எனக்கு மனச்சமாதானமாக இல்லை. என்னிடம் ஜாக், நான்கு ஸ்டாண்டுகள், சாக்கெட் ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர் ஆகியவை இருக்கின்றன, பொறுமையும் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எந்தச் சோதனை எந்தப் பாகத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் வரிசைப்படுத்திச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: பட்டறைமேசை

வணக்கம் நண்பரே. பதினைந்து ஆண்டுகளாக இவ்வகை வண்டிகளைப் பழுது பார்த்து வருகிறேன். உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. ஏனென்றால் எந்தச் சத்தம் எந்த நிலையில் வருகிறது என்று நீங்கள் பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கு குறைகளுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைத்துத் தேடாதீர்கள். பழைய வண்டியில் நான்கு சிறிய குறைகள் தனித்தனியே சேர்ந்துவிடுவது மிகச் சாதாரணம். அவற்றை ஒரே பெரிய குறையாகப் பார்ப்பதால்தான் விலை உயர்ந்த பாகங்கள் தேவையில்லாமல் மாற்றப்படுகின்றன.

முதலில் உதறலை எடுத்துக்கொள்வோம். உதறல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது நான் எப்போதும் செய்யும் முதல் வேலை. டயரோ சக்கரமோ கோணியிருந்தால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் உதறும். கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையே வேகக் குறைப்பு இருப்பதால், சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் பெல்ட் பலமுறை சுற்றிவிடுகிறது. அரைச் சுற்றுக்குள் மூன்று நான்கு உதறல் என்றால், பெல்ட்டில் ஓரிடம் மட்டும் கெட்டுப்போய், அந்த இடம் கிளட்சின் இரண்டு தட்டுகள் சேர்ந்த புல்லிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பிடி நழுவுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அது எப்படி நேர்ந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவிடி-யில் இன்ஜின் பக்கத்துக் கிளட்ச், தன் இரண்டு சாய்வுத் தட்டுகளையும் நெருக்கிப் பெல்ட்டை இறுக்கிப் பிடித்து இழுக்கிறது. ஓடையில் மூடிக்குள் தண்ணீர் புகுந்தபோது தட்டுக்கும் பெல்ட்டுக்கும் இடையே நீர்ப்படலம் விழுந்து பிடி போய்விட்டது. தண்ணீர் வடிந்தபின் பிடி திரும்பியது. அந்த இடைவேளையில் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்திருந்தால், தட்டுகள் சுற்ற, பெல்ட் நகராமல் நிற்க, தட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அந்த ஒரு துண்டு மட்டும் இரண்டு பக்கமும் தேய்ந்து இடுப்பு சிறுத்ததுபோல் ஆகிவிடும். இந்தப் பெல்ட்டை எத்தனை நாள் ஓட்டினாலும் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெல்ட் கெட்டதற்காகக் கிளட்சையும் மாற்ற வேண்டியதில்லை.

சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பெல்ட் மூடியைக் கழற்றுங்கள். மூடி திறந்திருக்கும்போது இன்ஜினை இயக்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் தட்டுக்கு எதிரே முகத்தையோ கையையோ வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். மூடியின் அடியில் தண்ணீர் வடிவதற்கான அடைப்பான் ஒன்று இருக்கும். முதலில் அதைத் திறந்து என்ன வடிகிறது என்று பாருங்கள். பிறகு பெல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, கையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வெர்னியர் காலிப்பரால் பல இடங்களில் அகலத்தை அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் கண்ணாடிபோல் பளபளத்தால் சூட்டில் வழுக்கியிருக்கிறது என்று பொருள். விளிம்பில் நூல் பிரிந்திருந்தால் இரண்டு புல்லிகளும் நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம்.

கிளட்ச் தட்டுகளின் முகத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ரப்பர் படிந்திருந்தால் கரடுமுரடான நைலான் தேய்ப்பானாலும் பிரேக் கிளீனராலும் துடைத்துவிடலாம். நகம் சிக்கும் அளவுக்குப் படிக்கட்டுபோல் பள்ளம் விழுந்திருந்தால்தான் தட்டு போய்விட்டது என்று சொல்வேன். எக்காரணம் கொண்டும் அந்த முகத்தில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. இன்ஜின் பக்கத்துக் கிளட்சின் நகரும் தட்டைக் கையால் அழுத்திவிட்டால் எங்கும் சிக்காமல் திரும்பி வர வேண்டும்; உள்ளே தூசி இறுகியிருந்தால் அது சிக்கும், வண்டி நின்ற பிறகும் பெல்ட்டை விடாமல் பிடித்திருக்கும், கியர் மாற்றும்போது ‘கறகற’ என்று பல் உரசும். ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் ஐடில் வேகம் அளவுக்கு மேல் இருந்தாலும் இதே உரசல் வரும் என்பதால், கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஐடிலைச் சரிபார்ப்பது நல்லது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்பது. சிவிடி மூடிக்குக் குளிர்காற்று எடுத்துவரும் ஒரு குழாயும் சூட்டுக்காற்றை வெளியேற்றும் ஒரு குழாயும் உண்டு. அவற்றின் இணைப்புப் பட்டைகள் தளர்ந்திருக்கின்றனவா, ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, மூடியின் சீல் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் புதுப் பெல்ட்டைப் போட்டால், அடுத்த ஓடையில் அதுவும் போய்விடும்.

இனி பின்பக்கத்து ‘டங்’. திசை மாறும்போது மட்டும் விழும் அடி என்றால், சுமை பாயும் வழியில் எங்கோ ஒரு தளர்வு இருக்கிறது. வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரில் போட்டுவிட்டுப் பின்சக்கரம் ஒன்றை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் ஷாஃப்டின் ஒவ்வோர் இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஷாஃப்டின் சிலுவை வடிவ மூட்டான கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அதன் இரண்டு பக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வது விரலுக்குத் தெரியும். பேரிங் மூடியைச் சுற்றி உலர்ந்த செந்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றித் துரு தொடங்கிவிட்டது. அங்கே எதுவும் தெரியவில்லையென்றால், சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றி, ஆக்சில் முனையிலிருந்து, சக்கரம் மாட்டப்படும் ஹப் வரை சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்தால், ஹப்பின் உட்பல்லும் ஆக்சிலின் வெளிப்பல்லும் ஒன்றையொன்று விட்டுவிட்டன என்பது உறுதி. இதைப் பலரும் சோதிப்பதில்லை. ஆக்சில் நட்டு தளர்ந்த வண்டிகளில் நான் திரும்பத் திரும்பக் கண்ட குறை இதுதான்.

பதில் 2: மின்வழி

முந்தைய பதிலோடு முழுமையாக உடன்படுகிறேன். முன்பக்கத்தைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான்கு சக்கர இயக்கம் எல்லா வண்டிகளிலும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை என்பதால், அடுத்தவர் வண்டிக்குச் சொன்ன சோதனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. யமஹா கிரிஸ்லி போன்றவற்றில் முன் டிஃபரன்ஷியலின் மேல் ஒரு சிறு மோட்டார் இருந்து கியரை நகர்த்திச் சேர்க்கிறது. கேன்-ஆம் வண்டிகள் பலவற்றில் இருக்கும் விஸ்கோ-லாக் அமைப்பில், ஒரு முன்சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழலத் தொடங்கினால் உள்ளே திரவ அழுத்தம் ஏறித் தானாக இறுகுகிறது. நீங்கள் சொல்லும் சுருள் வகை, போலாரிஸ் வண்டிகளில் பரவலாகக் காணப்படுவது. அதில் சுருளுக்கு மின்சாரம் போனவுடன் முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்வதில்லை. முன்பக்கத்துக் கியர் விகிதம் சற்றுக் குறைந்த வேகத்துக்கு அமைக்கப்பட்டிருப்பதால், சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரங்கள் ஷாஃப்டை முந்திக்கொண்டு தம்பாட்டில் ஓடும். பின்சக்கரங்கள் சறுக்கி, ஷாஃப்டின் வேகம் முன்சக்கரங்களை எட்டிப்பிடிக்கும் கணத்தில்தான் உள்ளே இருக்கும் உருளைகள் ஆப்புபோல் இறுகி முன்சக்கரங்களை இழுக்கத் தொடங்கும். ஆகவே சமதரையில் பொத்தானை அழுத்திவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடிவு செய்வது தவறு. ஈரப்புல் சரிவிலோ தளர்ந்த மண்ணிலோ மெதுவாக ஏறி, பாதுகாப்பான தூரத்தில் ஒருவரை நிற்கவைத்து, முன்சக்கரம் இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சில நாள் பிடித்துச் சில நாள் பிடிக்காத குறை பெரும்பாலும் மின்சாரத்தில்தான் இருக்கும். உடைந்த உருளையோ தேய்ந்த பல்லோ நல்ல நாள், கெட்ட நாள் என்று பார்த்து வேலை செய்வது அரிது. ஈரமும் குளிரும் பட்ட மின் இணைப்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். முன் டிஃபரன்ஷியலிலிருந்து வரும் இரண்டு கம்பிகளின் பிளக்கைக் கழற்றி, சுருளின் மின்தடையை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். போலாரிஸ் வண்டிகளில் அது ஏறத்தாழ 24 ஓம் இருக்கும். மீட்டர் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே குறுக்குச்சுற்று.

அடுத்த படியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டு, சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்துக் கம்பிகளில் மின்னழுத்தம் அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ‘மின்சாரம் சரியாக வருகிறது, ஆகவே டிஃபரன்ஷியல்தான் போய்விட்டது’ என்று சொல்லிவிடுவார்கள். மல்டிமீட்டர் வழியே மிக மிகச் சிறிய மின்னோட்டமே ஓடுவதால், துருப்பிடித்த ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு மின்னழுத்தத்தையே அது காட்டும். பிளக்கை மாட்டிய நிலையில், சுருள் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது, பிளக்கின் பின்புறமாக மெல்லிய ஊசி முனையால் தொட்டு அளந்து பாருங்கள். பேட்டரியில் இருக்கும் அளவுக்கு ஏறக்குறைய அதே அளவு அங்கேயும் இருக்க வேண்டும். அது 7, 8 வோல்ட்டுக்கு விழுந்தால், மீதி மின்னழுத்தத்தை வழியில் ஏதோ ஓர் இணைப்பு விழுங்குகிறது. அந்த இணைப்பைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அந்த விளக்கு, பொத்தானை அழுத்தியாகிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. சக்கரம் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இடது முன்சக்கரத்து ‘டிக் டிக்’ பற்றி: திருப்பத்தின் கோணம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது என்றால், அந்தப் பக்கத்து ஆக்சிலில், கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் வெளி மூட்டான சிவி ஜாயின்ட்தான் முதல் சந்தேகம். வலப்பக்கம் திரும்பும்போது சுமை இடது சக்கரத்தின் மேல் சாய்வதும் அதற்குப் பொருந்துகிறது. உள் ஜாயின்ட் தேய்ந்தால் திருப்பத்தில் அல்ல, நேராகச் செல்லும்போது ஆக்சிலரேட்டரைக் கொடுத்தவுடன் நடுக்கமாக வெளிப்படும். டிஃபரன்ஷியலுக்குள் உருளைகள் நழுவினால் ‘கட், கட்’ என்ற கனத்த அடி, ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வரும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ‘பூட்’ என்னும் ரப்பர் உறையின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கிழிந்திருந்தால், உள்ளே இருக்கும் கிரீஸில் சிறிது எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டினால் அந்த ஜாயின்ட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. சத்தம் வருவதற்கு முன்பே பூட் கிழிந்ததைக் கண்டுபிடித்தவர்கள் கழுவி, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் நிரப்பிப் புதுப் பூட் மாட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். சத்தம் வந்த பிறகு அது பயன்படாது.

முன் டிஃபரன்ஷியலின் எண்ணெயையும் இறக்கிப் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் மெல்லியதாகப் படிந்திருப்பது இயல்பு. நகத்தில் எடுக்கக்கூடிய உலோகச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியானால் டிஃபரன்ஷியல் பெட்டியின் உள்ளழுத்தத்தை வெளிவிடும் காற்றுக்குழாய் எங்கே முடிகிறது, கழன்று தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக ஓடிய பெட்டி குளிர்ந்த ஓடைநீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தக் குழாயின் வாய் நீருக்குள் இருந்தால் நீரையே உறிஞ்சிக்கொள்ளும். திரும்ப ஊற்றும்போது, உருளை வகை டிஃபரன்ஷியலுக்கென்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் திரவத்தை மட்டுமே ஊற்றுங்கள். கையில் இருக்கும் ஏதோ ஒரு கியர் எண்ணெயை ஊற்றியதால் பிடிக்காமல் போன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

பதில் 3: சமவெளி விவசாயி

நான் மெக்கானிக் அல்லன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பண்ணை வேலைக்கு இத்தகைய வண்டியை நாள்தோறும் பயன்படுத்துபவன். மேலே இருவரும் சொன்னதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே குளிர்காலத்தில் நான் மூன்று பெல்ட்டுகளை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் பிரிந்தது. கிளட்ச் தட்டுகள் சுத்தமாக இருந்தன, காற்றுக்குழாய்களும் சரியாக இருந்தன. மூன்றாவது பெல்ட்டும் போன பிறகு ஒரு முதிய நண்பர் வந்து, நீண்ட கடப்பாரை ஒன்றை இன்ஜினுக்கும் சட்டகத்துக்கும் இடையே கொடுத்து மெதுவாக நெம்பினார். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது. இன்ஜினைச் சட்டகத்தில் தாங்கும் பின்பக்க மவுன்ட்டின் ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது. சுமை ஏறும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் திரும்பிக்கொள்ள, இன்ஜின் பக்கத்துப் புல்லியும் கியர்பாக்ஸ் பக்கத்துப் புல்லியும் கோணிக்கொண்டு பெல்ட்டை அறுத்திருக்கின்றன. இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனியே தாங்கப்பட்டிருக்கும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

இன்னொன்று, பனி வழிக்கும்போது நீங்கள் ஹை-யில் ஓட்டுகிறீர்களா, லோ-வில் ஓட்டுகிறீர்களா என்று சொல்லவில்லை. மெதுவாக, சுமையோடு செல்லும்போது ஹை-யில் ஓட்டினால் பெல்ட் முழுப் பிடிக்கு வராமல் வழுக்கிக்கொண்டே சூடேறும். தொடர்ந்து மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் ஓட்டுவதானால் லோ-வைப் பயன்படுத்துங்கள் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் வண்டிகள் உண்டு. நான் விறகோ வைக்கோலோ இழுத்தால், பனி வழித்தால், டிரெய்லரில் ஏற்றினால், எப்போதும் லோ-தான். அந்தப் பழக்கம் வந்த பிறகு ஒரே பெல்ட் மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது.

கடும் குளிரில் டயர்கள் தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் காலை வேளைகளில் கவனம் தேவை. அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஓடையில் உங்களுக்கு நேர்ந்தது தண்ணீர் இல்லாமலே நேரும். நான் முதலில் வண்டியைக் கையால் ஆட்டிச் சக்கரங்களை விடுவித்துக்கொண்டு, இன்ஜினை நியூட்ரலில் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகுதான் கியரில் போடுவேன்.

மறுமொழி: ஹாலிபர்ட்டன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் சோதித்தேன். கண்டவற்றை முழுமையாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறொருவருக்குப் பயன்படலாம்.

பெல்ட் மூடியின் வடிகால் அடைப்பானைத் திறந்ததும் ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்குப் பழுப்பு நீர் வடிந்தது. பெல்ட்டின் மற்ற இடங்களெல்லாம் கையேட்டு அளவுக்குள் இருக்க, ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓரிடம் மட்டும் மற்ற பகுதியைவிட 3 மில்லிமீட்டர் ஒடுங்கியிருந்தது. உதறலை எண்ணிப் பார்த்தே பட்டறைமேசை ஐயா இதைச் சொன்னது என்னை மலைக்க வைத்தது. கிளட்ச் தட்டுகளில் ரப்பர் படிந்திருந்தது, பள்ளம் எதுவும் இல்லை. காற்று உள்ளே வரும் குழாய், மூடியோடு சேரும் இடத்தில் பட்டை தளர்ந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகிக் கிடந்தது. இன்ஜின் மவுன்ட்டுகளையும் நெம்பிப் பார்த்தேன். அவை உறுதியாக இருக்கின்றன. பனி வழிப்பதை இதுவரை ஹை-யில்தான் செய்துவந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பின்பக்கத்துக் கிராஸ் ஜாயின்ட்டில் தளர்வு இல்லை. சாக்பீஸ் கோட்டை நான்கு சக்கரங்களிலும் போட்டேன்; வலது பின்சக்கரத்தில் கோடு இரண்டாகப் பிரிந்தது. நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் காணாமல் போயிருந்தது, ஆக்சில் நட்டு விரலாலேயே திரும்பியது. ஹப்பின் உட்பற்கள் கூர்மையாகத் தேய்ந்துவிட்டன. ஆக்சில் பற்களில் கோடுகள் விழுந்திருக்கின்றன, ஆனால் வடிவம் மாறவில்லை. சக்கரம் கழன்று போகும் நிலையில் என் மகனை அதில் ஏற்றிக்கொண்டு சென்றிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் உள்ளம் பதறுகிறது.

முன்பக்கத்துச் சுருள் 24 ஓம் காட்டியது. பிளக்கைக் கழற்றி அளந்தபோது 12.4 வோல்ட், மாட்டிய நிலையில் அளந்தபோது 7.1 வோல்ட். ரேடியேட்டருக்குக் கீழே சட்டகத்தோடு கட்டியிருந்த இன்னோர் இணைப்பைத் திறந்தபோது, உள்ளே பச்சை நிறத்தில் களிம்பு பூத்து ஒரு முனை பொடியாகவே உதிர்ந்தது. அதை வெட்டியெறிந்து புது இணைப்புப் போட்ட பிறகு 12.1 வோல்ட் வருகிறது. இதுவரை ஒருநாளும் நான்கு சக்கர இயக்கம் தவறவில்லை. டிஃபரன்ஷியல் எண்ணெய் தெளிவாக இருந்தது, காந்தத்தில் பசை மட்டும்தான். இடது முன் பூட் உட்பக்கத்தில் கிழிந்து, கிரீஸ் மணலாக இருந்ததால் ஆக்சிலை முழுதாக மாற்றிவிட்டேன்.

பெல்ட், ஹப், முன் ஆக்சில், எண்ணெய், சிறு பொருட்கள் என எல்லாம் சேர்த்து 640 டாலர் ஆனது. இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. புதுப் பெல்ட் போட்ட பிறகும், காலையில் முதல்முறை புறப்படும்போது மெல்லிய நடுக்கம் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடியதும் மறைந்துவிடுகிறது. வலது பின் ஆக்சிலைப் பழையதாகவே வைத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது.

பதில் 4: பட்டறைமேசை

மிகவும் மகிழ்ச்சி. இவ்வளவு ஒழுங்காகச் சோதித்து அளவுகளோடு எழுதியதற்கு நாங்கள்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

காலை நடுக்கம் இரவில் தட்டுகளின் மேல் படியும் ஈரத்தாலும், புதுப் பெல்ட்டின் முகம் இன்னும் தட்டோடு பழகாததாலும் வருவது. முதல் 50 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், கனமான சுமை இழுக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அதன் பிறகும் நடுக்கம் நீடித்தால், பெல்ட்டைக் கழற்றி அதன் பக்கங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி மாட்டிப் பாருங்கள். உற்பத்தியின்போது படிந்த பிசுக்கு அதில் போய்விடும். பெல்ட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையிலேயே மாட்ட வேண்டும். இதற்கும் அடங்கவில்லையென்றால்தான் இன்ஜின் பக்கத்துக் கிளட்சின் எடைக்கட்டைகளையும் புஷ்ஷுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கருவி தேவைப்படும் என்பதால் அந்த வேலையை மட்டும் பட்டறையில் கொடுங்கள்.

ஆக்சில் விஷயத்தில் கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். புது ஹப்பை நட்டு இல்லாமல் வெறுமனே ஆக்சிலில் ஏற்றி, ஆக்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஹப்பை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். சிறிதளவேனும் ஆட்டம் தட்டினால் ஆக்சிலையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பல்லின் மேல் ஏற்றிய புதுப் பல் சில மாதங்களில் தானும் அதே வடிவத்துக்குத் தேய்ந்துவிடும். ஆட்டமே இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். நட்டைக் கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்கிய பின், காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் மேலும் சிறிது இறுக்கித்தான் நேராக்க வேண்டும். ஒருபோதும் தளர்த்தி நேராக்காதீர்கள். பழைய பின்னைத் திரும்பப் பயன்படுத்தவும் வேண்டாம். முதல் ஓட்டம் முடிந்து சக்கரங்கள் ஆறியதும் நான்கு நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அந்தச் சாக்பீஸ் கோடுகளை அழித்துவிட்டு, அதே இடத்தில் பெயின்டால் மெல்லிய கோடாகப் போட்டுவையுங்கள். வண்டியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். மூடியைக் கழற்றாமலே தெரிய வேண்டுமானால், நடு மூடி இல்லாமல் ஓட்டுவதற்குப் பதிலாக அதில் சிறு துளை ஒன்று போட்டுக்கொள்ளலாம்.